கருக்கல் வேளை

கருக்கல் என்னும் சொல்லைத் தென்மாவட்டத்து மக்கள் இரு வேளைகளுக்கும் வழங்குவர். பொழுது புலர்வதற்கு முந்திய மங்கலும் கருக்கலே. பொழுது சாய்ந்தபின் கவியும் மங்கலும் கருக்கலே. விடியற்கருக்கலில் கடலுக்குப் போனான் என்பார்கள். அந்திக் கருக்கலில் தனியே போகாதே என்பார்கள். சொல் ஒன்றுதான். அதைச் சொல்லும் குரல் ஒன்றன்று. முன்னதில் ஒரு துடிப்பு இருக்கிறது. பின்னதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மக்கள் ஏன் இவ்வாறு ஒரே சொல்லை இரு மனநிலைகளோடு சொல்கின்றனர் என்பதை நாம் பலகாலம் எண்ணிப் பார்த்ததுண்டு.

இயற்பியலாரைக் கேட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒரே ஒளிதான் என்பர். கதிரவன் தொடுவானத்தில் நிற்கையில் அதன் கதிர்கள், உச்சிப்பொழுதில் கடப்பதைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்தே நம்மை வந்தடைகின்றன. வழியில் நீல ஒளி பெரும்பாலும் சிதறிப்போக, செம்மையும் மஞ்சளுமே எஞ்சுகின்றன. இச்சிதறலின் கணக்கை ஆங்கில அறிஞர் ராலே 1871ஆம் ஆண்டில் விளக்கினார். பகலெல்லாம் எழுந்த தூசியால் மாலை வானம் சற்றுக் கூடுதலாகச் சிவக்கும், அவ்வளவே வேறுபாடு. இன்னொரு செய்தியும் உண்டு. காற்றுமண்டலம் கதிர்களை வளைப்பதால், தொடுவானத்தில் நாம் காணும் கதிரவன் இருக்கவேண்டிய இடத்திற்கு அரைப் பாகை மேலே தோன்றுகிறது. கடலின் விளிம்பைக் கதிரவனின் அடிப்பாகம் தொடுவதாக நாம் காணும் கணத்தில், மெய்யான கதிரவன் முழுமையாக மறைந்துவிட்டது. நம் நாட்டில் இதனால் காலையில் இரண்டு நிமிடம் முன்னதாகவும், மாலையில் இரண்டு நிமிடம் பின்னதாகவும் வெளிச்சம் நமக்குக் கிடைக்கிறது. இயற்கை இரு வேளைகளிலும் ஒரே அளவில்தான் நமக்கு இரங்குகிறது.

மனம் அவ்வாறு சமன் செய்வதில்லை. இதை அறியக் கன்னியாகுமரிக்கு ஒரு மார்கழியிலோ தையிலோ சென்றால் போதும். அம்மாதங்களில் அங்கே கதிரவன் கடலில் எழுந்து கடலிலேயே மறையும். விடியற்காலையில் அலங்கார உபகார மாதா ஆலயத்துக்கு அப்பால் கடற்கரையில் கூட்டம் நெருக்கியடிக்கும். தேநீர் விற்போரின் கூவல், பிள்ளைகளின் அழுகை, கைப்பேசியை உயர்த்திப் பிடித்தோரின் தள்ளுமுள்ளு. செந்நிறத் துண்டொன்று நீர்மேல் எட்டிப் பார்த்ததும் ஆரவாரம் எழும். சிலர் கைதட்டவும் செய்வர். அன்று மாலை அதே மக்கள் மேற்கு நோக்கி நிற்பர். அதே நிறம், அதே வட்டம், அதே கடல். கதிரவன் அமிழ்ந்தபின் ஒருவரும் கைதட்டுவதில்லை. சற்று நேரம் யாரும் பேசுவதுமில்லை. பிறகு ஒரு தாய் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, போகலாம் என்பாள். பணச்செலவு செய்து பார்க்க வந்த காட்சியின் முடிவில் இத்தனை பேர் ஏன் இவ்வாறு தாழ்ந்த குரலில் திரும்பிச் செல்கின்றனர்?

இது வெறும் கற்பனையன்று. உடலிலேயே வேர்கொண்டது என்பதற்கு இன்று சான்றுகள் உண்டு. முற்றிலும் பார்வையிழந்த 11 பேரை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 1995இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒளியென்றால் என்னவென்றே உணர இயலாத அவர்களுள் 3 பேருக்கு, கண்முன் பேரொளி பாய்ச்சியபோது, இரவுக்குரிய மெலட்டோனின் சுரப்பு குறைந்தது. கண்களை மூடி மறைத்தபோது அது குறையவில்லை. அவர்கள் காணவில்லை, எனினும் அவர்தம் கண்கள் பகலை அறிந்தன. காட்சிக்கென்று அல்லாமல், பொழுதை உடலுக்கு உணர்த்துவதற்கென்றே விழித்திரையில் தனி நரம்பணுக்கள் இருப்பது 2002இல் தெளிவாயிற்று. மிலான் நகர மருத்துவமனை ஒன்றின் பதிவேடுகளை ஆய்ந்து 2001இல் வெளியான இன்னொரு கட்டுரை கூறுவது இது: இருமுனை மனநோயின் சோர்வுநிலையில் சேர்க்கப்பட்டோருள், காலை வெயில் விழும் கிழக்கு அறைகளில் இருந்தவர்கள், மேற்கு அறைகளில் இருந்தவர்களைவிடச் சராசரியாக மூன்றரை நாளுக்கும் மேல் முன்னதாக வீடு திரும்பினர். அவர்களுக்கு யாரும் கிழக்கு அறையை மருந்தாக எழுதித் தரவில்லை. சன்னல் அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

ஒளிக்குறைவால் வரும் மனச்சோர்வை மேலைநாட்டு மருத்துவம் பருவகால நோயாக வகுத்து 1984இல் பெயரிட்டது. அங்கே அது பொருந்தும். பின்லாந்தின் தலைநகரில் கோடையின் நெடும்பகல் ஏறத்தாழ 19 மணி நேரம்; குளிர்காலத்தின் குறும்பகல் 6 மணி நேரத்துக்கும் குறைவு. கன்னியாகுமரியிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்தைக்கூட எட்டாது. நமக்கு ஒளி ஆண்டுக்கொருமுறை பிரிந்து செல்வதில்லை; நாள்தோறும் பிரிகிறது. அதுவும் திடீரெனப் பிரிகிறது. வடநாடுகளில் கதிரவன் சாய்வாக நழுவி, அந்தி நெடுநேரம் நீடிக்கும். இங்கே அது செங்குத்தாக விழுகிறது. அரைமணிக்குள் விளக்கில்லாமல் முகம் தெரியாது.

ஆதலால்தான் போலும், தமிழ் இலக்கணத்தார் பெரும்பொழுதோடு நில்லாமல் சிறுபொழுதுக்கும் மனநிலையை வகுத்து வைத்தனர். தொல்காப்பியர் முல்லைக்கு மாலையைத் தந்தார். முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது ஆற்றியிருந்து காத்திருத்தல். கடற்கரையாகிய நெய்தலுக்கு எற்பாட்டைத் தந்தார். அதன் உரிப்பொருள் இரங்கல். விடியலையோ மருதத்துக்குத் தந்து, அதற்கு ஊடலை உரிப்பொருளாக்கினார். விடியல் எல்லோருக்கும் மகிழ்ச்சி தருவதன்று என்பதைக் குடும்பங்களை அறிந்த எந்தப் பங்குத்தந்தையும் ஒப்புக்கொள்வார்! வள்ளுவர் 'பொழுதுகண்டு இரங்கல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதில் மாலைப்பொழுது குற்றவாளிபோல் நிறுத்தி வைக்கப்பட்டு வினவப்படுகிறது. காலைப்பொழுதுக்கு அத்தகைய தனி அதிகாரம் இல்லை.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இலக்கணம் தெரியாது. எனினும் பொழுது தெரிந்திருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் படுக்காதே, தலையை விரித்துக்கொண்டு உட்காராதே, கன்னத்தில் கைவைக்காதே, அழாதே என்று எத்தனை கட்டளைகள்! மூடநம்பிக்கை என்று இவற்றை ஒதுக்கியவர் உண்டு. குருமடத்தில் படித்துவிட்டு வந்த புதிதில் நாமும் அவற்றைப் பற்றிப் புன்னகைத்ததுண்டு. ஆனால் அக்கட்டளைகள் யாவும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். சோர்வு நுழையும் வாசல் எதுவென்று அறிந்து, அந்நேரத்தில் எழுந்து நின்று ஏதேனும் வேலை செய் என்கின்றன அவை. முகம் கழுவு, முற்றம் தெளி, விளக்கேற்று, பிள்ளைகளைக் கூப்பிடு. மூளைத்தேய்வுற்ற முதியோர் சிலர் பொழுது சாயும் வேளையில் கலங்கி, வீட்டுக்குப் போகவேண்டும் என்று தம் வீட்டிலிருந்தே அழுவதை இன்று மருத்துவர் ஒரு தனி நிலையாகக் குறிக்கின்றனர். உடற்கடிகாரத்தின் சீர்குலைவு அதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

திருச்சபை இதை அறியாதிருக்கவில்லை. நாளின் இரு விளிம்புகளிலும் அது செபத்தை நட்டு வைத்திருக்கிறது. காலைப் புகழில் செக்கரியாவின் பாடல் ஒவ்வொரு நாளும் வருகிறது. இருளில் இருப்போர்மேல் உதிக்கும் விடியலை அவர் பாடுகிறார். மாலைப் புகழில் மரியாவின் பாடல். மூவேளைச் செபத்தின் மணி ஊருக்கு ஊர் ஒலிப்பதும் இவ்வாறே. மாலையில் விளக்கேற்றும்போது பாடுவதற்கென்று கிரேக்கத் திருச்சபையில் ஒரு பழம்பாடல் உண்டு. நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியார் அதைக் குறிப்பிடுகையிலேயே, அதை இயற்றியவர் யாரென்று தெரியாது, முன்னோர் வழிவந்தது என்கிறார். மறையும் ஒளியை அமைதியாகப் பார்த்துக்கொண்டே இன்னோர் ஒளியை வாழ்த்துவது அப்பாடலின் வழக்கு.

கிழக்கு நோக்கிச் செபிப்பது தொடக்ககாலக் கிறிஸ்தவர்களின் பழக்கம். அதில் சிக்கலும் எழுந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லியோ தம் கிறிஸ்து பிறப்பு மறையுரை ஒன்றில் மக்களைக் கடிந்துகொள்கிறார். புனித பேதுரு பெருங்கோவிலின் படிகளில் ஏறியவர்கள், உள்ளே நுழையுமுன் திரும்பி நின்று உதிக்கும் கதிரவனுக்குத் தலைவணங்கினார்களாம். படைப்பை வணங்கலாகாது என்று திருத்தந்தை கற்பித்தது சரியே. ஆயினும் அந்த உரோமை நகரத்து எளியவர்கள்மேல் நமக்குச் சினம் வருவதில்லை. இரவெல்லாம் குளிரில் கிடந்துவிட்டு முதல் கதிரைக் கண்டவர்களின் கழுத்து, இறையியலைக் கேளாமலே வளைந்திருக்கக்கூடும். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் அந்த நன்றியுணர்வுக்கு உரிய இடத்தைக் காட்டிக் கொடுத்தார். 1225ஆம் ஆண்டில் கண்ணோய் முற்றி, பகல் வெளிச்சத்தையும் இரவில் நெருப்பின் வெளிச்சத்தையும் தாங்கமாட்டாதவராய் 50 நாள்களுக்கு மேல் அவர் இருட்டறையில் கிடந்தார். கதிரவனை உடன்பிறப்பாக அழைத்து இறைவனைப் புகழும் பாடல் அந்த இருட்டறையில்தான் பிறந்தது.

காலைச் செபத்தைப் பற்றி நமக்குக் கவலையில்லை. காலை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். பால்காரர் வருவார், பள்ளிப் பேருந்து வரும், அடுப்பு எரியும். மாலையே நம்மை உறுத்துவது. நற்செய்தியில் மாலைக்காட்சிகளைப் பாருங்கள். கதிரவன் மறையும் வேளையில் கப்பர்நாகும் ஊரார் தம் நோயாளிகள் அனைவரையும் இயேசுவிடம் சுமந்து வருகின்றனர். எம்மாவுக்குச் சென்ற இருவர், பொழுது சாய்ந்தது என்பதைக் காரணமாகக் காட்டியே வழித்துணையாய் வந்தவரைத் தங்களோடு தங்குமாறு வற்புறுத்துகின்றனர். அவர்கள் வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. இறையியல் உரையாடல் வழியெல்லாம் நடந்துவிட்டது. வீட்டு வாசலில் அவர்களுக்கு வேண்டியிருந்தது இருட்டும் வேளையில் ஓர் ஆள்.

2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலுக்குப்பின், குமரி மாவட்டத்து மேற்குக் கரையோர ஊர்களில் பல நாள் இதைக் காணமுடிந்தது. ஆழ்கடலுக்குச் சென்றோர் பலர் திரும்பவில்லை. பகலில் பெண்கள் போராட்டத்துக்குச் சென்றனர், அதிகாரிகளிடம் பேசினர், பெயர்ப்பட்டியல்களைச் சரிபார்த்தனர். பொழுது மேற்கே சாய்ந்து கடல் செம்பொன்னாக மாறும்போது அவர்கள் மணலில் வந்து நின்றனர். அந்த நேரத்தில் தனியே நின்றவர் இலர். ஒருத்தியின் தோளில் இன்னொருத்தியின் கை இருந்தது. யாரும் அவர்களை அவ்வாறு நிற்கச் சொல்லவில்லை.

பெருந்துயர் ஊரைக் கூட்டிவிடுகிறது. சிறுதுயருக்குத்தான் ஆளில்லை. பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்க, பெரிய வீடுகளில் ஒருவராகவோ இருவராகவோ வாழும் முதியோர் இன்று எல்லாப் பங்குகளிலும் உளர். நம் பங்கில் மனைவியை அடக்கம் செய்து ஓராண்டு கடந்த ஒரு பெரியவர் சொன்னார்: "சாமி, காலைல ஒண்ணும் தெரியல. தோட்டத்துல நிக்கேன், கடைக்குப் போறேன். விளக்கு வைக்கிற நேரம் வந்தா, வீடு என்னையவே பாத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு." தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துப் பார்த்தாராம். சத்தம் இருந்தது, பார்வை போகவில்லையாம்.

நம் அன்பியக் கூட்டங்கள் வழக்கமாக இரவு எட்டு மணிக்கு நடப்பவை. வேலைக்குச் சென்றோர் திரும்பவேண்டும், பிள்ளைகளின் தனிப்படிப்பு முடியவேண்டும் என்பன நியாயமான காரணங்கள். எட்டு மணிக்கு இருட்டு பழகிப்போய்விடும்; வலி ஆறு மணிக்கு வந்து போய்விட்டது. எனவே இரண்டு அன்பியங்களில் மட்டும், வாரம் இருமுறை, வர இயன்றோர் மாலை மணியடிக்கும் நேரத்தில் தனித்து வாழ்வோர் வீட்டு முற்றத்தில் கூடலாமே என்று கேட்டுப் பார்த்தோம். மறையுரை கிடையாது, வாழ்த்துரை கிடையாது, தேநீரும் கட்டாயமன்று. மூவேளைச் செபம், செபமாலையில் ஒரு பத்து மணி, பிறகு இருட்டும்வரை சும்மா உட்கார்ந்திருத்தல். திட்டம் பெரிதாக வளர்ந்துவிட்டதாகச் சொல்லமுடியாது. மழைக்காலத்தில் நின்றது, தேர்வுக்காலத்தில் மெலிந்தது. ஓர் அன்பியத்தில் மூன்று பெண்களே இப்போது தொடர்ந்து வருகின்றனர். அவர்களுள் ஒருவர் பீடி சுற்றும் தட்டையும் கூடவே கொண்டுவந்து, செபம் முடிந்ததும் மடியில் வைத்துக்கொள்கிறார். அதில் தவறொன்றும் நமக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெரியவர் தம் வீட்டு முறை வரும் நாளில் ஐந்தரை மணிக்கே முற்றத்தில் ஆறு நாற்காலிகளைப் போட்டு, மேற்கு வெயில் முகத்தில் அடிக்காதவாறு அவற்றைத் திருப்பி வைத்துவிடுகிறார். மழை பெய்து எவரும் வராத ஒருநாள், அவற்றைத் திண்ணைக்கு ஏற்றி அங்கேயும் அதே வரிசையில் போட்டிருந்தார் என்று அண்டை வீட்டார் நம்மிடம் கூறினர்.