சிவப்புக் கோடு



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவன் தவணையில் பழைய கார் எடுத்து வாடகைக்கு ஓட்டுகிறான். பெயர் வேண்டாம், இதைப் படிப்பான். போன வாரம் என்னைக் கோவைக்குக் கூட்டிப் போனான். காரணம்பேட்டை தாண்டி ஒரு லாரியை முந்த, இரண்டாவது கியரிலேயே விரட்டினான். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. கேட்டதற்கு, "செட்டிபாளையத்துல ரேஸ் வண்டியெல்லாம் இப்படித்தானுங்க டீச்சர் ஓடுது" என்றான்.

ஓடுகிறதுதான். ஆனால் அந்த இன்ஜினைச் சில பந்தயங்களுக்கு ஒருமுறை பிரித்துத் தேய்ந்ததை மாற்றிப் பூட்டுவார்கள். நம்ம கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டினாரே, அந்த வருட விதிப்படி ஒரு இன்ஜின் இரண்டு பந்தயங்களுக்குத் தாங்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு பந்தயம் சுமார் 305 கிலோமீட்டர். வாடகைக் கார் அதை ஒரே நாளில் ஓடிவிடும்!

கணக்கு பார்ப்போமா? (வாத்தியார் புத்தி போகாது.) நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் நொடிக்கு 100. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நின்று திரும்புகிறது. நொடிக்கு 200 தடவை! 3000-லிருந்து 6000-க்குப் போனால் அந்தத் திருப்பத்தின் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அதைக் கனெக்டிங் ராடும் பேரிங்கும்தான் தாங்க வேண்டும். தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புரியும். வேகத்தைக் கூட்டினால் நாடா வந்து மோதுகிற இடம்தான் முதலில் தேயும்.

நடுவில் காப்பாற்றுவது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். சூடேறிய இன்ஜினில், நல்ல ஆயில் இருந்தால், எப்போதாவது முள் சிவப்பைத் தொடுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. விடியற்காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறுமவிடுவதுதான் கெடுதல், ஆயில் அப்போது கெட்டியாக இருக்கும். வேகமாகப் போகையில் தவறிக் கீழ் கியரில் போடுவது அதைவிட மோசம். சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடும், ரெவ் லிமிட்டரால் தடுக்க முடியாது. அதற்காக நாலாவது கியரில் திணறத் திணற மேடு ஏற்றுவதும் நல்லதில்லை.

இன்ஜின் வேலை வந்தால் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும், தவணை நிற்காது.

தம்பி, நாளைக் காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஒரு போட்டோ அனுப்பு கண்ணு. கடைசியாக ஆயில் மாற்றிய தேதியையும் எழுது.