பிளாங்க் கழித்த பிறகு

கடற்கரையில் இரும்புத் தகடுகளைக் கட்டி வைத்து, உப்புக்காற்று அவற்றை எவ்வளவு தின்கிறது என்று அளப்பதுதான் நான் சம்பளம் வாங்கிய முதல் வேலை. எம்.எஸ்சி. வேதியியல் முடித்த கையோடு காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் ஒரு திட்டத்துக்கு உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட ஆய்வகம் அது. மண்டபத்தில் கடலைப் பார்த்தபடி அதற்கு ஒரு சோதனைத் திடல் உண்டு. சாய்வான சட்டங்களில் வரிசையாகத் தகடுகள். இரும்பு, துத்தநாகம், அலுமினியம், பெயின்ட் அடித்தது, அடிக்காதது.

"ஏன் மாப்ள, துருப் பிடிக்கிறத வேடிக்கை பாக்கவா எம்.எஸ்சி. படிச்சே?" என்பார் மாமா. கேட்பவருக்கு அப்படித்தான் தோன்றும்.

ஆனால் துருவை அளப்பது லேசான காரியமில்லை. ஒவ்வொரு தகட்டிலும் எண் பொறித்திருக்கும். அசிட்டோனில் கழுவி, உலர்த்தி, நான்கு தசம இடம் காட்டும் தராசில் எடை போட வேண்டும். விரல் படக்கூடாது, இடுக்கியால்தான் தூக்க வேண்டும். விரல் ரேகையின் எண்ணெய்ப் பசைகூட அந்தத் தராசுக்குத் தெரியும். பிறகு தகடு கடற்கரைக்குப் போகும். மாதங்கள் கழித்துச் செதில் செதிலாகத் திரும்பி வரும். துருவை அப்படியே வைத்து எடை போட முடியாது. ஒரு லிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 20 கிராம் ஆன்டிமணி டிரை ஆக்சைடும் 50 கிராம் ஸ்டானஸ் குளோரைடும் கலந்த கரைசலில் போட்டால் துரு கழன்று, சாம்பல் நிறத்தில் இரும்பு தெரியும். கழுவி, உலர்த்தி, மறுபடி எடை. குறைந்த எடையை 87.6 என்ற எண்ணால் பெருக்கி, அடர்த்தி, பரப்பு, மணி நேரம் மூன்றாலும் வகுத்தால், ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் தேய்மானம் என்று விடை வரும். ஓர் ஆண்டின் 8,760 மணி நேரம்தான் அந்த 87.6-க்குள் ஒளிந்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கல். துருவைக் கரைக்கும் அமிலம் நல்ல இரும்பையும் கொஞ்சம் தின்னும். அந்த நஷ்டத்தையும் கடற்காற்றின் கணக்கில் எழுதிவிட்டால் விடை பொய். அதனால் கடற்கரைக்கே போகாத ஒரு புதுத் தகட்டையும் அதே அமிலத்தில் அதே நேரம் முக்கி எடுப்போம். அது இழந்த எடையை மற்றவற்றின் இழப்பிலிருந்து கழித்துவிட வேண்டும். ஆய்வகத்தில் அதற்குப் பெயர் பிளாங்க். முடிவுகளை எழுதிக்கொண்டு போய் நின்றால் எங்கள் மூத்த விஞ்ஞானி தாளைப் பார்க்குமுன் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, பிளாங்க் போட்டீங்களா?"

அந்த ஆய்வகத்தைவிட்டு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நடுவில் சென்னையில் சாஃப்ட்வேர்க்காரனாக இருந்தேன். இப்போது வீட்டிலிருந்தபடி எழுதுகிறேன், மொழிபெயர்க்கிறேன். இந்தத் தாவல்களைச் சொன்னால் இளையவர்கள் கண் விரிகிறது. 'துணிச்சல்' என்கிறார்கள். 'மனசுக்குப் பிடிச்சதைத் தேடிப் போயிருக்கீங்க' என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிளாங்க் போட்டார்களா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

1998-இல் நான் சென்னைக்கு ரயில் ஏறியபோது என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அதே பக்கம்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். சிவில் படித்தவன், விலங்கியல் படித்தவன், பி.காம். எல்லாரும். கோபோல், ஜே.சி.எல்., சி.ஐ.சி.எஸ். என்ற கணினிப் பாடங்கள் மூன்றையும் சில மாதங்களில் சொல்லித்தரும் பயிற்சி நிலையங்கள் மவுண்ட் ரோட்டில் வாசலுக்கு வாசல் இருந்தன. காரணம் ஊரறிந்தது: பழைய கணினி நிரல்களில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 1998 என்பது 98. இரண்டாயிரம் பிறந்தால் 00 வரும். கணினி அதை 1900 என்று எடுத்துக்கொண்டு வட்டி, வயது, காப்பீடு எல்லாவற்றையும் குழப்பிவிடும். கோடிக்கணக்கான வரிகளைப் படித்துத் திருத்த அமெரிக்காவுக்கு ஆள் தேவைப்பட்டது. ஆண்டுக்கு 65,000 என்றிருந்த எச்1பி விசா வரம்பை 1999-க்கு 1,15,000 ஆக்கினார்கள். 2001-இல் 1,95,000 ஆனது. இப்படி ஒரு வெள்ளம் வரும்போது மிதப்பதற்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வேலையில் என்னைக் காப்பாற்றியது வேதியியல் இல்லை, பிளாங்க் போடும் அந்த ஒரு பழக்கம். நிரலைத் திருத்துமுன் பழைய நிரலையே இன்றைய தேதியில் ஓட்டி, வெளியீட்டைத் தனியாக எடுத்து வைப்போம். அதற்குப் பெயர் பேஸ்லைன். பிறகு திருத்திய நிரலை அதே தரவோடு ஓட்டி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். அதன் பிறகே கணினியின் தேதியை 1999 டிசம்பர் 31-க்கும், 2000 பிப்ரவரி 29-க்கும் தள்ளிப் பார்ப்பது. அந்தப் பிப்ரவரி 29 ஒரு பொறி. நூறால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு இல்லை என்ற பாதி விதியை மட்டும் தெரிந்தவர்கள், நானூறால் வகுபட்டால் லீப் ஆண்டுதான் என்ற மீதியை விட்டிருந்தார்கள். பேஸ்லைன் எடுக்காமல் வேகமாகத் திருத்தியவர்கள் சிலர், எந்தத் தவறு பழையது, எந்தத் தவறு தாங்கள் புதிதாகப் புகுத்தியது என்று தெரியாமல் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அது மண்டபத்துத் தகடாகவே பட்டது.

புத்தாண்டு பிறந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உடனே இரண்டு கட்சி. நாங்கள் திருத்தியதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்றோம் நாங்கள். ஒன்றுமே ஆகியிருக்காது, உலகத்தை ஏமாற்றிப் பணம் பறித்தீர்கள் என்றார்கள் மற்றவர்கள். திருத்தாத இன்னோர் உலகம் கையில் இருந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். அதற்கு ஓரளவு பக்கத்தில் வருவது, இத்தாலி போலக் குறைவாகச் செலவழித்த நாடுகள். அங்கும் பெரிய விபரீதம் நேரவில்லை. அதற்காக எல்லாம் வெத்துவேட்டு என்று சொல்லிவிடவும் முடியாது. அவர்கள் வாங்கி ஓட்டிய மென்பொருளில் பெரும்பகுதியை வேறு யாரோ திருத்தியிருந்தார்கள். நான் திருத்திய நிரல்களில் தவறுகள் நிஜமாகவே இருந்தன, கண்ணால் பார்த்தேன். ஆனால் அவற்றை விட்டிருந்தால் வங்கி மூழ்கியிருக்குமா, நாலு கடிதத்தில் தேதி தப்பாக அச்சாகியிருக்குமா என்று கேட்டால், பெரும்பாலானவை இரண்டாவது வகை என்பதே என் தீர்ப்பு.

என் கதைக்கும் ஒரு பிளாங்க் தகடு இருக்கிறது. என்னோடு ஒரே நாளில் அந்த ஆய்வகத் திட்டத்தில் சேர்ந்த நண்பன் அப்போது ஆய்வகத்தைவிட்டு நகரவில்லை. முனைவர் பட்டம் முடித்து, அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளரானான். சம்பளத்தில் நான் அவனைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போய்க்கொண்டிருந்த காலத்தில் ஊரில் என்னைக் காட்டித்தான் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று அரசு மாற்றியது. அவன் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டவன். இன்று உட்கார்ந்து கணக்குப் போட்டால் யார் முன்னே, யார் பின்னே என்று சொல்வது கடினம். தங்கியவனும் தாவியவனும் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். அப்படியானால் என் தாவலின் பெருமை என்ன? அரிமானத்தில் எவ்வளவு கடல், எவ்வளவு அமிலம்?

2000 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் நாஸ்டாக் குறியீடு உச்சத்தைத் தொட்டுச் சரிந்தது. அடுத்த ஆண்டு நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்ச் என்றால் சம்பளம் உண்டு, வேலை கிடையாது. என்றைக்குச் சீட்டு கிழியும் என்றும் தெரியாது. பொழுது போகாமல்தான் எழுத ஆரம்பித்தேன். துருவைப் பற்றி ஒரு கட்டுரை. ஒரு சிற்றிதழ் போட்டது. அப்போது கட்டுரை எழுதுவதைவிட அனுப்புவது பெரும்பாடு. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு. டாப் என்பார்கள், டாம் என்பார்கள், டிஸ்கி என்பார்கள். என் கணினியில் தமிழாக இருந்தது அவர்கள் கணினியில் கட்டமும் புள்ளியுமாகப் போய்ச் சேரும். யூனிகோட் பரவிய பின்தான் தலைவலி தீர்ந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் பனையோலைக் காலத்துச் சங்கதிபோலப் பார்க்கிறார்கள்.

பத்தாண்டு மென்பொருளுக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத உட்கார்ந்தேன். முழுநேர எழுத்தென்றால் இலக்கியம் இல்லை. வாஷிங் மெஷின் கையேடு, கைபேசித் திரையில் வரும் 'சேமி', 'நீக்கு', 'மீண்டும் முயல்க', காப்பீட்டு விதிமுறைகள். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி, அதில் பத்து சதவீதம் டி.டி.எஸ். போக மீதி. அந்தப் பணத்தில் உட்கார்ந்து அறிவியல் கட்டுரைகள் எழுதுவேன். அவற்றுக்கு ஒரு பத்திரிகை மணியார்டரில் சன்மானம் அனுப்பும். ஒன்று ஆறு மாதம் கழித்துக் காசோலை அனுப்பும். ஒன்று இதழை மட்டும் அனுப்பும்.

அந்த எழுத்திலும் பழைய கேள்வி விடவில்லை. பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில், நடுவே கப்பலுக்குத் திறக்கும் ஷெர்ஸர் தூக்குப் பகுதி துருப்பிடித்து வலுவிழந்ததால் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். நான் தகடு கட்டிய மண்டபம் கூப்பிடு தூரம். ஆசையோடு உட்கார்ந்தேன். எந்தச் செய்தியை எடுத்தாலும் ஒரு வரி இருந்தது: அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்தபடி உலகிலேயே அதிக அரிமானம் உள்ள இடம் பாம்பன். சரி, எந்த உலோகம்? எந்த ஆண்டு அளந்தது? எத்தனை ஊர்களில் அளந்த பிறகு இரண்டாவது? ஒரு செய்தி இன்னொரு செய்தியைக் காட்டியது, அது வேறொன்றைக் காட்டியது, எதுவும் தராசு வரை போகவில்லை. அந்த வரியை நான் எழுதவில்லை. 'சுவாரஸ்யமான தகவலை விட்டுட்டீங்களே சார்' என்று உதவி ஆசிரியர் வருத்தப்பட்டு, அவரே சேர்த்துவிட்டார். என் பெயரில்தான் அச்சாகியிருக்கிறது.

இப்படிப் பல துறை மாறியவர்களுக்கு எங்கள் தலைமுறை உதாரணம் காட்டுவது சுஜாதாவை. திருச்சியில் இயற்பியல், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல், விமானப் போக்குவரத்துத் துறை, பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரம், கூடவே எழுத்து. 'அவர் மாதிரி வேலையை விட்டுட்டு எழுதப் போறேன்' என்று ஒரு பையன் என்னிடம் வந்து சொன்னான். தம்பி, அவர் வேலையை விடவே இல்லை. ஓய்வுபெறும்வரை மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டேதான் எழுதினார். அவருக்கு முன்னோடியான பெ.நா. அப்புசாமி தமிழில் அறிவியல் எழுதுவதை வாழ்நாள் வேலையாகச் செய்தவர்; அவரும் தொழிலால் வழக்கறிஞர். தமிழில் அறிவியல் எழுதிப் பிழைத்தவர் என்று எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. எழுதியவர்கள் எல்லோரும் வேறு எதிலோ பிழைத்தார்கள்.

நான் எதில் பிழைத்தேன்? என் மனைவி வங்கியில் வேலை பார்க்கிறார். மாதக் கடைசியில் அவருடைய சம்பளம் தவறாமல் வந்தது. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கடன் தவணையும் அதில் போயின. குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு அவருடைய அலுவலகம் வழியாக. அந்தச் சம்பளத்தைப் பிளாங்க்காகக் கழித்துப் பார்த்தால் என் சுதந்திர எழுத்து ஓராண்டுகூடத் தாங்கியிருக்காது. மேடையில் என்னைத் 'துணிந்து வந்தவர்' என்று அறிமுகம் செய்தபோது அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும், "துணிஞ்சது யாருங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

எல்லாவற்றையும் கழித்தபின் ஒன்றுமே மிஞ்சவில்லை என்று சொல்லமாட்டேன். பிளாங்க்கைக் கழித்த பிறகும் தகட்டில் குறைவு இருக்கும். இல்லையென்றால் மண்டபத்தில் அத்தனை தகடு எதற்கு? கேள்வியை விடாமல் கேட்கும் பிடிவாதம் என்னுடையது. கையேட்டு வேலையைக் கேவலமாக நினைக்காதது என்னுடையது. மூன்று இடத்திலும் என்னைவிட வயதில் சின்னவர்களிடம் 'சொல்லிக்குடுங்க' என்று கேட்டு உட்கார்ந்தது என்னுடையது. தாவியதால் கிடைத்தது இவ்வளவுதான், என் கணக்கில். நான்காவது தசமம் வரை போனால் இன்னும் குறையலாம்.

வேலையை விட்டு எழுத வருகிறேன் என்று கடிதம் போடும் நண்பர்களுக்கு நான் உற்சாகம் சொல்வதில்லை. ஒரு தகவல் சொல்வேன். 1995-இல் வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டப்படி மாதாமாதம் ஓய்வூதியம் வாங்கப் பத்தாண்டு சேவை வேண்டும். அதற்கு முன் விலகி, விதிப்படி வரும் தொகையை மொத்தமாக எடுத்துக்கொண்டால் அத்தோடு சரி. எனக்குப் பத்தாண்டு முடிந்திருந்தது. அதுவும் தெரிந்து செய்ததில்லை, தற்செயல். நீங்கள் ராஜினாமாக் கடிதம் எழுதுமுன் பி.எஃப். பாஸ்புக்கை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.