மூன்று மில்லிமீட்டர்

அப்பாவின் கணினியைப் போட்டால் பத்தே நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பிராசஸர் மேலிருக்கும் விசிறி சுற்றவில்லை. விரலால் தள்ளினால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. பேரிங்கில் எண்ணெய் காய்ந்துபோயிருக்க வேண்டும்.

"புதுசா ஒரு லேப்டாப் வாங்கிடலாம்ப்பா."

"மூச்சுதானே விட முடியல? மூளை நல்லாத்தானே இருக்கு?"

எழுபத்தாறு வயதுக்காரரிடம் அதற்குமேல் வாதாட முடியவில்லை. தவிர, குற்றம் என் பக்கமும் இருந்தது. அவர் எழுதிய கட்டுரைகள் எல்லாம் பழைய எழுத்துருவில், அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. என் லேப்டாப்பில் திறந்தால் புள்ளி வைத்த ரோமன் எழுத்துகளாகத் தெரிகின்றன. "யூனிகோடுக்கு மாத்தித் தரேன்" என்று சொல்லி மூன்று வருடமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சாப்பிட்டுவிட்டு, சிம் லிம் ஸ்குவேருக்கு நடந்தேன். முன்பெல்லாம் வழியிலேயே சுங்கை ரோடு சந்தை இருக்கும். பழைய மின்பொருள் எதுவானாலும் தரையில் விரித்து வைத்திருப்பார்கள். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள்.

முதல் கடையில் கேட்டேன். "கோர் 2 குவாட்? வெரி ஓல்ட் ஆல்ரெடி லா." உண்மைதான். அந்த கியூ6600 சந்தைக்கு வந்தது 2007இல். விசிறியை மட்டும் மாற்றலாம் என்று நினைத்துப் போயிருந்தேன். ஆனால் பழைய விசிறி வட்டமான அலுமினியத் துண்டோடு சேர்த்தே செய்யப்பட்டது. கடையில் தனியாகக் கிடைக்கும் சதுர விசிறி அதில் உட்காராது. கூலரையே மாற்ற வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அப்பாவின் 775 சாக்கெட் மதர்போர்டில் கூலரைப் பொருத்தும் துளைகளுக்கு இடையே 72 மில்லிமீட்டர். பின்னால் வந்த 1156 முதல் 1200 வரையான சாக்கெட்டுகளுக்கு 75. அதற்கடுத்த 1700க்கு 78. ஒவ்வொரு முறையும் மூன்றே மில்லிமீட்டர்தான். ஆனால் பழைய மனிதரை வாசலிலேயே நிறுத்திவிட அது போதும்.

நான்காவது கடையில், துளையைத் தள்ளி வைத்துக்கொள்ளும் வசதியுள்ள கூலர்கள் இரண்டு இருந்தன. 120 மில்லிமீட்டர் விசிறி வைத்தது கம்பீரமாக இருந்தது. ஆனால் அதன் உயரத்துக்கு எங்கள் பெட்டியின் மூடி சாத்தாது. 92 மில்லிமீட்டர் விசிறி வைத்ததை எடுத்தேன். நான்கு முள் இணைப்பு. சூட்டுக்கு ஏற்ப வேகத்தை மதர்போர்டே கூட்டிக் குறைக்கும். பேஸ்ட்டோடு சேர்த்து 32 வெள்ளி.

"இத போட்டா ஜில்லுனு ஆயிடுமா?" என்றார் அப்பா. ஆகாது. விசிறி குளிரை உண்டாக்குவதில்லை, அறையில் இருக்கும் காற்றைத்தான் தள்ளுகிறது. எங்கள் வீவக வீட்டில் மதியம் 31 டிகிரி. பிராசஸர் அதற்குக் கீழே போகாது. போகவும் வேண்டாம். வேலை செய்கிற அளவுக்குச் சூடு தணிந்தால் போதும்.

காய்ந்துபோன பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பயறளவு புதிதாக வைத்து, கூலரைப் பொருத்தினேன். பத்து நிமிடம் தாண்டியது. அரை மணி நேரமும் தாண்டியது.

"சத்தமே காணோமே, ஓடுதா?"

அவர் கையைப் பிடித்துப் பெட்டியின் பின்பக்கம் வைத்தேன். காற்று பட்டது. தலையாட்டினார்.

பிறகு அவர் கேட்காமலேயே பென்டிரைவைச் செருகி முதல் கோப்பை எடுத்தேன். மொத்தம் 214 இருக்கின்றன.