அத்தையைக் குணமாக்கியது யார்?

எங்கள் வீட்டில் ஒரு வழக்கு இரண்டு வருஷமாக நடக்கிறது. இன்னும் தீர்ப்பு இல்லை.

பிறந்த குழந்தை தங்காமல் போனதில் அத்தை பேச்சையே நிறுத்திவிட்டாள். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. ஆச்சி ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஆற்றில் முழுக்காட்டினாள். அம்மா, அரசு ஆஸ்பத்திரியில் கவுன்சலிங் செய்யும் அக்காவிடம் வாரம் ஒரு தடவை உட்கார வைத்தாள். தை மாசம் அத்தை பழையபடி பீடித் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் அய்யன் காத்தது" என்கிறாள் ஆச்சி. "அந்தப் புள்ள பேசிப் பேசித்தான் சரியாச்சு" என்கிறாள் அம்மா. தாத்தாவோ வெற்றிலையை மடித்துக்கொண்டே, "சும்மா விட்டாலும் சரியாயிருக்கும்லா" என்கிறார். வீட்டில் காலேஜ் வாசல் மிதித்தவன் நான் ஒருவன்தான். "படிச்சவன் நீ சொல்லுலே" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சிவில் படிக்கிறவனுக்கு மனசைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் கான்கிரீட் லேப் தெரியும். கலவையில் புதிதாக ஒரு கெமிக்கல் சேர்த்தால் பலம் கூடுமா என்று பார்க்க, சேர்த்த கட்டியை மட்டும் உடைத்தால் போதாது. சேர்க்காத கட்டியும் வேண்டும். அதே மணல், அதே சிமெண்ட், அதே 28 நாள். கெமிக்கல் இல்லாவிட்டாலும் 28 நாளில் கான்கிரீட் இறுகத்தானே செய்யும்! தாத்தா சொன்னதும் அதுதான். 1952-இல் ஹான்ஸ் ஐசெங்க் என்ற உளவியலாளரும் இதையே சொல்லிப் பெரிய சண்டையைக் கிளப்பினார்.

நம் நாட்டில் இதற்கு ஒரு நல்ல சோதனை கோவாவில் நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேரை, சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியம். மறு பாதிக்கு அதோடு கவுன்சலிங். பேசியவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். மூன்று மாசம் கழித்து, யார் எந்தப் பாதி என்றே தெரியாத வேறு ஆட்கள் போய், தூக்கம், பசி என்று கேள்வி கேட்டு மார்க் போட்டார்கள். 2017-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: கவுன்சலிங் கிடைத்தவர்களில் 64 சதவீதம் தேறியிருந்தார்கள், கிடைக்காதவர்களில் 39.

அந்த 64-ம் கவுன்சலிங்கின் மார்க் அல்ல. 39 எப்படியும் வந்திருக்கும். மீதி 25தான் அம்மா கட்சி!

ஆச்சி கேட்டாள்: "அந்த முப்பத்தொம்பதும் எந்தக் கோயிலுக்குப் போனாவளோ, விசாரிச்சியா?" சிரித்துவிட்டேன். ராத்திரி படுத்து யோசித்தால் கேள்வி சரிதான். கோயிலுக்குப் போகிறவர்கள் இரண்டு பாதியிலும் ஏறக்குறைய சமமாக விழவேண்டும் என்றுதான் குலுக்குகிறார்கள் என்று காலையில் சொன்னேன். ஆச்சிக்குத் திருப்தியில்லை.

ஆச்சிக்கும் ஒரு சாட்சி உண்டு. 2000-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள், திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்க வந்த 31 மனநோயாளிகளை, வந்தபோதும் போகும்போதும் அளந்தார்கள். சராசரி ஆறு வாரம் தங்கியதில் நோயின் மார்க் 20 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. 2002-இல் பி.எம்.ஜே. இதழில் வெளியிட்டார்கள். பூஜை மந்திரம் என்று தனியாக எதுவும் அங்கே செய்யவில்லை, பயமுறுத்தாத ஆதரவான இடம் என்பதே காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆனால் கோயிலுக்குப் போகாத இன்னொரு 31 பேர் அந்தக் கணக்கில் இல்லை. சேர்க்காத கட்டி இல்லாத சோதனை.

அத்தையோ ஒரே ஒரு கட்டி. அதிலும் கோயில், கவுன்சலிங், ஆறு மாசம் மூன்றையும் ஒன்றாகக் கலந்தாயிற்று.

அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதிக்கோ. எனக்குத்தான் அந்த ஆறு மாசம் ஒண்ணும் நெனப்பில்லல" என்றாள். எங்கள் வீட்டிலும் யாரும் எதையும் குறித்து வைக்கவில்லை. முதல் நாள் அத்தை சொன்ன பதில்கள் ஆஸ்பத்திரி அக்காவின் நோட்டில் இருக்கலாம். அதைப் பார்க்கட்டுமா என்று அத்தையிடம் இன்னும் நான் கேட்கவில்லை.