பேசினால் மட்டும் போதுமா?

கம்பியொன்று சுவருக்குள் நுழைய, கருவியொன்று மேசைமேல் அமர்ந்திருப்பதே தொலைபேசி என்பது நம்மிற் பலருடைய எண்ணம். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்று மலையகத்தின் தோட்ட அலுவலகங்கள் சிலவற்றிலும் நம் குரல் சிறுசிறு துண்டுகளாகி இணையத்தின் வழியே பயணஞ் செய்கின்றது. மேசைமேல் இருப்பது பார்வைக்குத் தொலைபேசி. உள்ளே ஒரு சிறு கணினி.

கணினியாயின் அதற்கு அறிவூட்ட வேண்டுமன்றோ? அவ்வறிவு இருவகைப்படும். கருவி எவ்வாறு இயங்குவது என்பதைச் சொல்வது ‘ஃபேர்ம்வெயார்’ என்னும் நிலைபொருள். தன் எண் யாது, எவ்வெண்களை வெளியே அனுப்பலாம் என்பவற்றைச் சொல்வது அமைவுக் கோப்பு. முன்னது தொழிலாளி கற்ற தொழில். பின்னது காலைப் பெரட்டிலே அவருக்குக் கொடுக்கப்படும் அன்றைய வேலை. கொழுந்து பறிக்க நன்கறிந்தவரும் எந்த மலைக்குப் போவதென்று அறியாவிடின் கூடையுடன் நிற்க வேண்டியதுதானே!

நிலைபொருளைக் காலத்துக்குக் காலம் புதுப்பித்தல் அவசியம். பழையதிலுள்ள ஓட்டைகள் வழியே திருடர் புகுந்து, பிறர் கணக்கில் வெளிநாடுகளுக்குப் பேசிவிடுவது உலகெங்கும் நடப்பதே. ஆயினும், புதியது எழுதப்படும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றுவிட்டால், சில கருவிகள் மீண்டும் எழுவதேயில்லை. ஐப்பசி, கார்த்திகைப் பிற்பகல்களில் இடி முழங்கும் நம் மலைநாட்டில், இவ்வேலையைக் காலையிலே மின்கலத் துணையுடன் செய்வது உத்தமம். பழைய அமைவுக் கோப்பின் பிரதியொன்றை முன்னரே எடுத்து வைத்தல் அதனினும் உத்தமம்.

சென்ற ஆண்டு, ஹற்றனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் மருந்தகத்தில் இவ்வேலை நடந்ததை நேரிற் கண்டோம். அத்தோட்டத்திலேயே பிறந்து கணினி கற்ற இளைஞரொருவர், நிலைபொருளையும் கோப்பையும் பழுதின்றிப் புதுப்பித்துக் கொழும்புக்குப் பேசினார். குரல் தெளிவாகக் கேட்டது, எல்லோரும் மகிழ்ந்தோம். அங்கிருந்த மருத்துவமாது மட்டும், “தம்பி, 1990க்கும் ஒருக்கா எடுத்துப் பாருங்களேன்” என்றார்.

எடுத்தார், அழைப்புப் போகவில்லை. 0இல் தொடங்கும் பத்து இலக்க எண்களை மட்டுமே வெளியே விடும்படி புதிய கோப்பில் எழுதப்பட்டிருந்தது. நான்கு இலக்க எண் அதற்கு அந்நியம். இளைஞர் ஒரு வரியைச் சேர்த்துக் கருவியை மீண்டும் இயக்கினார். அழைப்புச் சென்றது. சோதனைக்காக எடுத்ததென்று முதலிலேயே சொல்லி, நன்றி கூறி வைத்தார்.

1990 என்பது, 2016இல் இந்திய அரசின் நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவையின் எண். நள்ளிரவில் லயத்திலே ஒரு தாய் பிரசவ வேதனையில் துடிக்கையில் அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் என்னாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இளைஞரின் கல்வியில் குறையில்லை. கருவியை அறிந்தவர் அவர். அக்கருவி எந்த வேளைக்கென்று அறிந்தவர் அந்த அம்மையார். இவ்விரு அறிவும் ஒருங்கே அமர்ந்தபோதுதான் வேலை முற்றுப்பெற்றது. ஆதலின், மாணவச் செல்வங்களே, எக்கருவியைப் புதுப்பித்தாலும் முதலிற் சோதிக்க வேண்டியது நாள்தோறும் பேசும் எண்ணையன்று. ஆபத்து வேளையில் ஒரே ஒருமுறை பேச நேரும் எண்ணையே.