48 மணி நேரத்தில் 2,000 மைல்



நம்மில் அநேகர் ஆண்டுக்கு ஒருமுறையாவது மும்பையிலிருந்தோ, புனேயிலிருந்தோ, டெல்லியிலிருந்தோ சொந்த ஊருக்கு நெடும்பிரயாணம் செய்கிறவர்கள். சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே ரயில் பாதை ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் காரில் கடந்து, டெல்லியில் தங்காமல் அப்படியே திரும்பி, பாதி வழி வந்து சேர்வதாக எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் புறப்பட்டு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் முடிக்க வேண்டும். காரோ 40 வயதைக் கடந்தது, இரண்டு பேருக்கு மேல் அதில் இடமில்லை, மேற்கூரை துணி.

பிரிட்டனில் இப்படி ஒரு பிரயாணம் உண்மையாகவே நடந்து வருகிறது. 'கிளப் ட்ரையம்ப்' என்னும் சங்கத்தார் 1966-இல் தொடங்கிய 'ரவுண்ட் பிரிட்டன் ரிலையபிலிட்டி ரன்' என்பது அதன் பெயர். லண்டனுக்கு வடக்கே புறப்பட்டு, ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருக்கும் ஜான் ஓ'க்ரோட்ஸ் வரை ஏறி, அங்கிருந்து தென்மேற்குக் கோடியான லேண்ட்ஸ் எண்ட் வரை இறங்கி, மறுபடியும் லண்டன் பக்கம் வந்து சேர வேண்டும். தூரம் சுமார் 2,000 மைல், அதாவது 3,200 கிலோமீட்டர். நேரம் 48 மணி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு தர்ம ஸ்தாபனத்தைத் தெரிந்துகொண்டு, அதற்காக நிதி திரட்டுகிறார்கள்.

இது பந்தயம் அல்ல என்பதை முதலிலேயே மனதில் வையுங்கள். 2,000 மைலை 48 மணியால் வகுத்தால் மணிக்கு 42 மைலுக்கும் குறைவு. பெட்ரோல் போடுவதும் உணவு உண்பதும் அதற்குள் அடக்கம். முந்தி வருகிறவனுக்குக் கிரீடம் இல்லை. குறித்த இடங்களில் நின்று, கையேட்டில் முத்திரை வாங்கி, புறப்பட்ட காரிலேயே திரும்பி வர வேண்டும். 'ரிலையபிலிட்டி' என்றால் நம்பத்தக்க தன்மை. சோதிக்கப்படுவது அதுதான்.

நீங்கள் ஓட்டப்போகும் காரை இப்போது அறிமுகப்படுத்துகிறேன். 1978-இல் கோவென்ட்ரி நகரத்துக் கேன்லி தொழிற்சாலையில் பிறந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1500 என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட சிறிய ஸ்போர்ட்ஸ் கார். இதை வரைந்தவர் இத்தாலியரான ஜோவன்னி மிக்கெலோட்டி. இது முழுவதும் புதிதாய் உருவானதல்ல. அவரே வரைந்த ட்ரையம்ப் ஹெரால்டு என்னும் குடும்பக் காரின் சேசிஸைச் சுருக்கி, அதன் முன்சக்கர அமைப்பையும் ஸ்டீயரிங்கையும் எடுத்துக்கொண்டு செய்யப்பட்டது.

ஹெரால்டு என்றதும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தலை நிமிர்வார்கள். ஆம், அதுவேதான்! சென்னைக்கு அருகே வண்டலூரில் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் செய்யப்பட்டு, டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய அந்தக் கார். பிரிட்டனில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுகளே இருந்தன. நான்கு கதவு வைத்துக் கொடுத்தது நம் வண்டலூர். குடும்பம் பெரிதல்லவா? முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து ஒரே துண்டாய் முன்னோக்கிக் கவிழும் அந்தப் பானெட்டைச் சிறுவயதில் வியந்து பார்த்தவர்கள் நம் வாசகர்களிலும் இருக்கக்கூடும். ஸ்பிட்ஃபயரிலும் அதே ஏற்பாடுதான். பானெட்டைக் கவிழ்த்துவிட்டு முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். இன்றைய கார்களில் விளக்கின் பல்பை மாற்றவே பாதி முன்பக்கத்தைக் கழற்ற வேண்டியிருக்கும்போது, இது எத்தனை தயவான ஏற்பாடு!

இப்போது ஆயத்தம். பிரயாணம் இரண்டு நாள். ஆயத்தமோ பல மாதம். பிரிட்டனில் 40 ஆண்டு கடந்து, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2018 மே மாதம் முதல் வருடாந்தரச் சோதனை கட்டாயம் இல்லை. அரசாங்கம் பரிசோதிக்காது என்றால், பரிசோதிக்கும் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது என்று பொருள். பழைய கார் வைத்திருப்பவர்களில் அநேகர் இதை ஒரு சலுகையாக மட்டும் எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாய்த் தோன்றவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது பளபளக்கும் வண்ணத்தை அல்ல. முன்சக்கரத்தின் பின்னால், சேறு படியும் இடத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெண்கலத் துண்டு இருக்கிறது. ட்ரன்னியன் என்று அதற்குப் பெயர். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் அடிப்பகுதியில் மரை வெட்டி, அதை இந்த வெண்கலத்துக்குள் திருகி வைத்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே சுழலுகிறது. காரின் முன்பாரம் இதன் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது.

இதற்கு ஊற்ற வேண்டியது கெட்டியான கியர் ஆயில். கிரீஸ் அல்ல. ஆனால் கிரீஸ் துப்பாக்கியைக் கையில் எடுத்த மெக்கானிக், மற்ற எல்லா இடத்துக்கும் வைத்ததுபோல இதற்கும் கிரீஸ் வைத்துவிடுவது உலகெங்கும் நடக்கிற காரியம். கிரீஸ் நாளடைவில் இறுகி, மரையின் அடிவரை போகாமல் நின்றுவிடும். தண்ணீர் இறங்கும். வெண்கலம் துருப்பிடிக்காது, அதற்குள் மறைந்திருக்கும் இரும்புத் தண்டு துருப்பிடிக்கும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. ஒருநாள் மரை தொடங்கும் இடத்தில் தண்டு முறியும். சக்கரம் உள்ளே மடங்கும். காரின் முன்பக்கம் தார்ச்சாலையில் உட்காரும். வீட்டு வாசலில் காரைத் திருப்பும்போது அப்படி நேர்ந்தால் உங்களுக்கு நல்ல காலம். நடுஇரவில், 60 மைல் வேகத்தில், மலைச்சாலையில் நேர்ந்தால்?

ஆகவே தண்டைக் கழற்றி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அரிப்பு தெரிந்தால் புதிது போடுங்கள். நன்றாயிருந்தால், துப்பாக்கியில் கிரீஸுக்குப் பதிலாக ஆயிலை நிரப்பி, புது ஆயில் வெளியே கசியும்வரை செலுத்துங்கள். செலவாகும் ஆயில் சில கரண்டி அளவுதான்.

அடுத்தது என்ஜினுக்குள் இருக்கும் இன்னொரு சிறிய பொருள். கிராங்க் தண்டு முன்பின் அசையாதபடி பிறை வடிவில் இரண்டு வாஷர்கள் அதைப் பிடித்திருக்கின்றன. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் பாரம் அவற்றின்மேல் விழுகிறது. அவை தேய்ந்து கீழே விழுந்தால் என்ஜினே பாழ். சோதிப்பது எளிது: ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்னால் இருக்கும் பெல்ட் சக்கரத்தைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால், அந்தக் காரை எடுத்துக்கொண்டு புறப்படாதீர்கள்.

பெட்ரோலிலும் கவனம் வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு பிரிட்டனிலும் நம் நாட்டிலும் பொது விற்பனையிலிருந்து நின்றுபோயிற்று. பழைய என்ஜினின் மெதுவான வால்வு சீட்டுகளுக்கு அந்த ஈயமே பாதுகாப்பாயிருந்தது. நெடுந்தூரம் வேகமாய் ஓட்டுவதானால் சீட்டுகளைக் கடினமானவையாக மாற்றிக்கொள்வது நல்லது. 2021 செப்டம்பர் முதல் அங்கே சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும். ஆகையால் குழாய்களை மாற்றிவிட்டு, எத்தனால் குறைந்த உயர்ரகப் பெட்ரோலைப் போடுங்கள். நம் நாட்டில் இப்போது இருபது சதவீதம் கலந்த பெட்ரோல் வந்துவிட்டதால், பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இன்னும் பல உண்டு: 15/1000 அங்குலம் இடைவெளி வைக்க வேண்டிய சி.பி. பாயிண்ட், உபரி ரோட்டார், கண்டென்சர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் குழாய்கள், டார்ச். அவற்றை எழுதிக்கொண்டே போனால் இதழின் பக்கங்கள் போதாது.

காசைக் குறித்துப் பேசியாக வேண்டும். நம் சபைகளில் கட்டட நிதி திரட்டியவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே எழும். இந்தக் கார் ஒரு காலனுக்கு 32 மைல் கொடுப்பதாக வைத்தால், பிரயாணம் முழுவதற்கும் சுமார் 280 லிட்டர் பெட்ரோல். லிட்டர் ஒன்றரைப் பவுண்டு என்றால் 420 பவுண்டு. ஆயிலும், உதிரி பாகங்களும், உணவும் தனி. அந்தப் பணத்தை நேரடியாக ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வீட்டிலே நிம்மதியாய்த் தூங்கலாமே?

நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக்கூடாது. 420 பவுண்டை மட்டும் பார்த்தால், கேட்கிறவர் சொல்வதே சரி. ஆனால் வீட்டில் தூங்குகிறவனை நம்பி, பக்கத்து வீட்டுக்காரரும் உடன் வேலை செய்கிறவரும் பணம் தருவதில்லை. "அந்தப் பழைய டப்பாவிலா? முடிக்கமாட்டீர்கள்!" என்று சிரித்துக்கொண்டே இருபது பவுண்டு எழுதிக் கொடுக்கிறவர்கள்தான் அதிகம். வரி செலுத்துகிறவர் முறைப்படி அறிவித்துக் கொடுத்தால், ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் வீதம் அரசாங்கத்திடமிருந்து தர்ம ஸ்தாபனம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். இருபது, இருபத்தைந்து ஆகிவிடும். ஒரே ஒரு நிபந்தனை மாறக்கூடாது என்பேன்: பெட்ரோலும் ரிப்பேரும் ஓட்டுகிறவரின் சொந்தப் பையிலிருந்து வர வேண்டும். நன்கொடைப் பணத்தில் ஒரு கோப்பைத் தேநீர் குடித்தாலும், அந்தப் பிரயாணம் தர்மத்துக்கானது என்று சொல்ல எனக்கு நா எழாது.

வெள்ளி மாலை. உங்களுக்கு முன்னும் பின்னும் ட்ரையம்ப் கார்கள். நெடுஞ்சாலையில் லாரிச் சக்கரங்கள் உங்கள் தலைக்கு மேலே சுழல்வதுபோல் தோன்றும்; அத்தனை தாழ்வாக உட்கார்ந்திருக்கிறீர்கள். 70 மைல் வேகத்தில், ஓவர்டிரைவ் இல்லாத கார் என்றால், என்ஜின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றை நெருங்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டுமானால் கத்த வேண்டும். இங்கிலாந்தின் நடுப்பகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இருட்டும், மஞ்சள் விளக்கும், மழையும்தான்.

ஸ்காட்லாந்துக்குள் ஏ9 சாலை ட்ரமொக்டர் கணவாயில் 460 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. சிவப்பு மான்கள் இரவில் சாலைக்கு வரும். உங்கள் டேங்க் கொள்வது 33 லிட்டர் மட்டும். இருநூறு மைலுக்கு மேல் நம்பிப் போக முடியாது. வடக்கே போகப்போக இரவில் திறந்திருக்கும் பெட்ரோல் பங்குகள் அரிது. பாதி டேங்க் காலியானாலே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இன்வர்னஸ் கடந்து, கடலை ஒட்டி, பெரிடேல் என்னும் இடத்தில் பள்ளத்தாக்குக்குள் செங்குத்தாக இறங்கி மறுபடி ஏறும்போது, ட்ரன்னியனுக்கு ஊற்றிய ஆயில் நினைவுக்கு வரும். அக்டோபர் தொடக்கமானால் ஏழரை மணி வரை விடியாது. ஜான் ஓ'க்ரோட்ஸில் சில வீடுகள், ஒரு சிறு துறைமுகம், கடுங்காற்று. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிருந்து ஓர்க்னி தீவுகளுக்குப் படகு விட்ட யான் டி க்ரூட் என்ற டச்சுக்காரரின் பெயரே ஊருக்கு நின்றது. பிரதான நிலத்தின் வடமுனை இதுவென்று எல்லாரும் எண்ணுகிறார்கள். உண்மையில் வடமுனை, இன்னும் மேற்கே உள்ள டனட் ஹெட். எதிரே ஸ்ட்ரோமா தீவு தெரியும். படம் எடுத்துக்கொண்டு, ஆயில் அளவு பார்த்து, புறப்படுங்கள். இங்கிருந்து லேண்ட்ஸ் எண்டுக்கு மரபாகச் சொல்லும் சாலைத் தூரம் 874 மைல்.

சனி இரவுதான் ஆபத்தானது. கார் அல்ல, மனிதன் தளரும் நேரம் அது. ஸ்பிட்ஃபயரில் இருக்கையைச் சாய்த்துப் படுக்க இடமில்லை. முழங்காலை மடக்கி, தலையைத் துணிக்கூரையில் சாய்த்துத் தூங்க வேண்டும். பிரிட்டன் அரசின் சாலை விதிநூல் சொல்வது இது: இரண்டு மணிக்கு ஒருமுறை 15 நிமிடமாவது நில்லுங்கள், தூக்கம் வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இரண்டு கோப்பைக் காப்பி குடித்து, 15 நிமிடமாவது கண்ணயருங்கள். கண்ணாடியைத் திறந்து வைப்பதும், பாட்டைச் சத்தமாய் வைப்பதும் தூக்கத்தை விரட்டாது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரே மூச்சில் ஓட்டிச் செல்லும் நம் சகோதரர்கள் இந்த வரிகளை மட்டுமாவது இரண்டு முறை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த ஓட்டத்தில் தனி ஆளாக யாரும் போவதில்லை; இருவரோ மூவரோ மாறி மாறி ஓட்டுகிறார்கள். மூவர் போகிறவர்கள் ஸ்பிட்ஃபயரை விட்டுப் பெரிய ட்ரையம்ப் கார்களைத் தெரிந்துகொள்வது புத்திசாலித்தனம்.

ஞாயிறு விடியற்காலையில் கார்ன்வாலின் பாட்மின் மேட்டு நிலத்தில் பனிமூட்டம். பின்பு லேண்ட்ஸ் எண்ட். பாறைகளின்மேல் அட்லாண்டிக் கடல். ஆராதனை நேரத்தில் இப்படி ஓடலாமா என்று நம்மில் சிலர் கேட்பார்கள். அந்த நெருடல் எனக்கும் உண்டு.

அங்கிருந்து கிழக்கே திரும்பினால் மாலைக்குள் லண்டன் பக்கம். கடைசி முத்திரையை வாங்கி என்ஜினை அணைத்த பிறகும், காதுக்குள் அது சற்று நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். முன்சக்கரங்களின் பின்னால் ட்ரன்னியன் ஓரத்தில் ஆயில் கசிந்து, சேற்றோடு கலந்து கறுத்திருக்கும். அது கெட்ட அடையாளம் அல்ல. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றி வையுங்கள். திங்கட்கிழமை முதல் வாக்குக் கொடுத்தவர்களின் பட்டியலோடு ஒவ்வொரு வாசலாக ஏற வேண்டும். "முடிக்கமாட்டீர்கள்" என்று சிரித்தவர் வீட்டுக்கு முதலில் போங்கள்.