பெயர்க்குச்சியின் பூர்வீகம்

கோயம்புத்தூரில் தெரிந்தவர் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு போய்த் தங்கப் புறப்பட்டபோது, தன் ஆர்க்கிட் தொட்டிகளை மொத்தமாக என்னிடம் தள்ளிவிட்டார். பெரும்பாலும் டென்ட்ரோபியம், கொஞ்சம் கேட்லியா, மரக்கூடைகளில் தொங்கும் வாண்டா. எல்லாவற்றிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் லேபிள் செருகியிருந்தது. மாடியில் நிழல்வலைக்குக் கீழே அடுக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் படிக்க உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் வெறும் வெள்ளை. சாய்த்துப் பிடித்தால் மார்க்கர் ஓடிய தடம் லேசாகப் பளபளக்கும், எழுத்து தேறாது. சில லேபிள்கள் விரல் பட்டதுமே ஒடிந்தன. அந்தக் கூட்டத்தில் பென்சிலால் எழுதியவையும் சில இருந்தன. தேதிகளைப் பார்த்தால் அவைதான் எல்லாவற்றிலும் பழையவை. ஒரு எழுத்துகூடப் போகவில்லை. அழியாது என்று மேலே அச்சடித்து விற்கும் பேனா அழிந்துவிட்டது, அழிப்பதற்கென்றே பின்னால் ரப்பர் மாட்டி விற்கும் பென்சில் நிற்கிறது.

செடிதான் இருக்கிறதே, பெயர் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். காட்டு இனமாக இருந்தால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. பூத்ததும் நூலோடு ஒப்பிட்டு ஒருவழியாகக் கண்டுபிடித்துவிடலாம். கலப்பினத்தில் அது நடக்காது. ஊதா இதழும் மஞ்சள் தொண்டையுமாக ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் கேட்லியாக்கள் கணக்கில்லாமல் உண்டு. பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டி பராமரிக்கும் பதிவேட்டில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்க்கிட் கலப்பினப் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பெயரும் இன்ன தாய், இன்ன தந்தை என்ற ஒரு சேர்க்கையைக் குறிக்கிறது. முகத்தைப் பார்த்து ஜாதகம் எழுத முடியாததுபோல, பூவைப் பார்த்து அந்தப் பெயரை எழுத முடியாது. செடிக்கும் அதன் வம்சத்துக்கும் நடுவே இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பிளாஸ்டிக் குச்சி. அது ஏன் இவ்வளவு நோஞ்சானாக இருக்கிறது, எப்போதுமே இப்படித்தானா என்று பார்க்க ஆசை வந்தது.

முதலில் குற்றவாளி யார் என்று தெரிய வேண்டும். தண்ணீர்தான் என்று நினைத்திருந்தேன். எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், லேபிளின் மேல் சுண்ணாம்பு படிந்துவிடும். ஆனால் தொட்டி மாற்றுவதற்காகப் பழைய கரித்துண்டுகளைக் கொட்டியபோது, சில தொட்டிகளின் அடியில் இரண்டாவதாக ஒரு லேபிள் புதைந்து கிடந்தது. அதே மார்க்கர், அதே கையெழுத்து. வருடக்கணக்கில் ஈரத்திலும் உரத்திலும் ஊறியும் எழுத்து அப்படியே இருந்தது. வெயில் படவில்லை, அவ்வளவுதான். மார்க்கர் மை என்பது சாராய வகைக் கரைப்பானில் கரைத்த சாயம். கறுப்பாகத் தெரிந்தாலும் அது பெரும்பாலும் பல சாயங்களின் கலவை. சாயத்தின் நிறத்தைத் தாங்கி நிற்கும் மூலக்கூறுகளைப் புற ஊதாக் கதிர் உடைத்துவிடுகிறது. பிளாஸ்டிக்கை முறுக வைப்பதும் அதே கதிர்தான். ஒடிந்த லேபிள்களில் மேல்பாதி அப்பளமாய் நொறுங்க, கரிக்குள் இருந்த கீழ்ப்பாதி வளைந்துகொடுத்தது. பென்சிலின் கதை வேறு. அது கிராஃபைட்டும் களிமண்ணும். பிரான்சில் கோன்டே என்பவர் 1795-ல் அந்தக் கலவைக்குக் காப்புரிமை வாங்கினார், அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. கிராஃபைட் என்பது கரியின் ஒரு வடிவம். கரியில் வெளுப்பதற்கு எதுவும் இல்லை.

இதெல்லாம் நேற்று இன்று தெரிந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் தோட்டக்கலை நூல்களை இப்போது வருடி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ராத்திரிகளில் அவற்றைப் புரட்டினேன். ஜான் கிளாடியஸ் லவுடன் 1822-ல் வெளியிட்ட பெருந்தொகுப்பான தோட்டக்கலைக் களஞ்சியத்திலிருந்து தொடங்கினால், மண்வெட்டி, கத்தரிக்கோலுக்குச் சமமாகப் பெயர்க்குச்சியையும் ஒரு கருவியாகவே மதித்த காலம் அது என்று புரிகிறது. ஓக் குச்சி, சுட்ட மண், வார்ப்பிரும்பு, ஈயம் என்று முயலாத பொருள் இல்லை. எழுதப்படிக்கத் தெரியாத வேலையாளும் படிக்கும்படி குச்சியில் கத்தியால் வெட்டுக்குறி போட்டு எண் குறிக்கும் வழக்கமும் இருந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது ஏழைத் தோட்டக்காரனின் உத்தி. மரக்குச்சியில் வெள்ளை ஈயப் பெயிண்டை மெல்லிசாகத் தேய்த்து, அது காய்வதற்குள் பென்சிலால் எழுதிவிடுவான். பென்சில் முனை ஈரப் பெயிண்டுக்குள் உழுதுகொண்டு போகும், காய்ந்ததும் எழுத்து பெயிண்டுக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். மரம் மக்கும்வரை எழுத்து இருக்கும். ஆர்க்கிட் தொட்டியின் ஈரத்தில் மரம் சீக்கிரம் மக்கிவிடும் என்பது தனி விஷயம்.

பணம் இருந்த தோட்டங்களில் ஈயம். மெல்லிய தகட்டில் எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டி எழுத்தைப் பதித்துவிடுவார்கள். மையே இல்லை, எனவே வெளுக்கவும் வழியில்லை. அதற்கு அடுத்து வந்ததுதான் துத்தநாகத் தகடு, அதில் எழுதும் மைக்கு ஒரு செய்முறையும் பத்திரிகைக்குப் பத்திரிகை திரும்பத் திரும்ப வருகிறது. செம்புக் களிம்பு ஒரு பங்கு, நவச்சாரம் ஒரு பங்கு, புகைக்கரி அரைப் பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லண்டன் தோட்டக்காரன் மருந்துக்கடையில் வாங்கியதெல்லாம் நம் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூட்டின் மேல் தூவுவாரே, அந்த வெள்ளைப் பொடிதான் நவச்சாரம்.

களிம்புக்குப் பதிலாக நான் மயில்துத்தம் எடுத்துக்கொண்டேன். திராட்சைத் தோட்டக்காரர்கள் போர்டோ கலவைக்கு வாங்குவது. துத்தநாகத் தகட்டுக்குத்தான் அலைச்சல். கடைசியில் மூடிப்போன ஒரு அச்சகத்தில், கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் படம் அடிக்கும் பழைய பிளாக்குகள் எடைக்குக் கிடைத்தன. மரக்கட்டையிலிருந்து பெயர்த்தெடுத்து, பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்தால் பளிச்சென்ற துத்தநாகம். பழைய குறிப்புகள் எஃகு நிப்பைத் தொடாதே, இறகுப் பேனாவால் எழுது என்று எச்சரிக்கின்றன. நிப்பில் செம்பு படிந்து கெட்டுப்போகும் என்பதால். எனக்கு இறகு சரிப்படவில்லை, ஈர்க்குச்சியைச் சீவிக்கொண்டேன். நீலத் தண்ணீரைத் தொட்டு எழுதினால், தகட்டில் பட்ட கணமே கறுக்கிறது. துத்தநாகம் கரைசலுக்குள் இறங்க, செம்பு வெளியேறி அந்த இடத்தில் கறுப்பாகப் படிகிறது. அது மேலே பூசிய எழுத்தல்ல, தகட்டோடு தகடாக ஊன்றிய எழுத்து. அந்தத் தகட்டைக் கைப்பிடிச் சுவரில் வெயிலுக்கும் மழைக்கும் விட்டிருக்கிறேன். கூடவே மங்கிய துத்தநாகத்தில் வெறும் பென்சிலால் எழுதிய ஒன்றையும். இரண்டாவதில் எழுத்து நாள்பட நாள்பட அழுத்தமாகத்தான் தெரிகிறது. இதையும் அவர்கள் அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் நீடிக்கும் லேபிள் எங்கே என்ற கேள்விக்கு 1800-களிலேயே பதில் இருந்தது. பொருள் தெரியாமல் நாம் தோற்கவில்லை. ஒரு கட்டு ஐம்பது ரூபாய்க்கும் கீழே கிடைக்கும் வெள்ளைக் குச்சியின் சௌகரியத்தில் தோற்றிருக்கிறோம். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஆர்க்கிட்டின் வேர் வெளியே திரியும், எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும். செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லிகளை டென்ட்ரோபியத்துக்கு அடிக்க வேண்டாம் என்பது வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வது. எழுத்தில் இருக்கும் செம்பு இம்மியளவுதான், இருந்தாலும் அந்தத் தகட்டைத் தொட்டிக்குள் செருக எனக்கு மனம் வரவில்லை.

இதற்குள் தேடல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஆர்க்கிட்டின் லேபிள் எப்போது வெறும் பெயராக இல்லாமல் வம்சப் பத்திரமாக மாறியது? அதற்கு ஒரு தேதி சொல்லலாம். 1856. எக்ஸிடர் நகரின் வீட்ச் நர்சரியில் ஜான் டாமினி என்ற தோட்டக்காரர் வளர்த்த ஒரு கலாந்தே பூத்தது. மனிதர் உண்டாக்கிய ஆர்க்கிட் கலப்பினங்களில் முதலில் பூத்தது அதுதான். மகரந்தத்தை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஊர் அறுவை மருத்துவர் ஜான் ஹாரிஸ். பூவைப் பார்த்த தாவரவியலாளர் லிண்ட்லி, இனி எங்களுக்குப் பைத்தியம்தான் பிடிக்கும் என்கிற மாதிரி சொன்னதாகக் கதை உண்டு. கேலியாகவே சொல்லியிருந்தாலும் அது பலித்துவிட்டது.

காரணம் விதை. ஒரு காய்க்குள் லட்சக்கணக்கில் இருக்கும், தூசிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது, ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். அது தெரியாத காலத்திலேயே தோட்டக்காரர்கள் அனுபவத்தில் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். தாய்ச்செடியின் தொட்டியிலேயே விதையைத் தூவினால் சில பிழைக்கும். ஆனால் தூசி பறக்கும். பக்கத்துத் தொட்டியில் ஒரு நாற்று தலைகாட்டும், அந்தத் தொட்டியில் ஏற்கெனவே வேறு பெயர் செருகியிருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்ஸன் 1922-ல் சர்க்கரை கலந்த அகாரில், கண்ணாடிக் குடுவைக்குள், பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்க வைக்கும்வரை இந்த ஆபத்து இருந்தது. குடுவைக்கு மேல் ஒட்டிய சீட்டில் எழுதியதை ஓரளவு நம்பலாம். அதற்கு முந்தைய நாற்றுக்கு, ஈயத்திலேயே பொறித்து வைத்தாலும் என்ன, பொறித்ததே ஊகமாக இருந்தால்?

இடப்பெயர் இல்லாமல் போனதால் வந்த கூத்து இதைவிடப் பெரியது. 1818-ல் வில்லியம் ஸ்வெய்ன்சன் பிரேசிலின் பெர்னாம்புகோவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பிய செடிகளில் ஒன்று, வில்லியம் கேட்லியின் கண்ணாடி வீட்டில் பூத்தது. லிண்ட்லி 1821-ல் அதற்கு கேட்லியா லேபியாட்டா என்று பெயர் வைத்தார். இன்று நம் நர்சரிகளில் விற்கும் கேட்லியாக்களில் பாதிக்கு மேல் அதன் ரத்தம் ஏதோ ஒரு தலைமுறையில் ஓடுகிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அது எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பது மட்டும் குழம்பிப்போனது. ஜார்ஜ் கார்ட்னர் என்பவர் 1830-களில் ரியோவுக்கு அருகே ஒரு பாறைமுகட்டில் அதைக் கண்டதாக எழுத, எல்லோரும் அங்கேயே தேடினார்கள். அவர் கண்டது வேறொரு இனம். சுமார் 70 ஆண்டுகள் தொலைந்த ஆர்க்கிட் என்றே பேர் வாங்கிய அந்தச் செடி, கடைசியில் அகப்பட்டது ஸ்வெய்ன்சன் அனுப்பிய அதே பெர்னாம்புகோ பக்கத்தில்தான். கார்ட்னர் பின்னால் இலங்கைக்கு வந்து பேராதனைத் தோட்டத்தின் பொறுப்பாளராகி, 1849-ல் நுவரெலியாவில் காலமானார். தான் தவறான மலையைக் காட்டியது அவருக்குத் தெரியாது.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு ஜோடி உண்டு. அகத்தியமலைப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மஞ்சள் நிறச் செருப்பு ஆர்க்கிட், பாஃபியோபெடிலம் ட்ரூரியை. நடுவே பழுப்புக் கோடு ஓடும். கர்னல் ட்ரூரி 1865-ல் கண்டார், தாவரவியலாளர் பெடோம் 1874-ல் விவரித்தார். அதன்பின் சேகரிப்பவர்கள் மலையைத் துடைத்தெடுத்தார்கள். இன்று காட்டில் அரிது, கண்ணாடி வீடுகளில் உண்டு. அந்தச் செடிகளை ஒருநாள் மலைக்குத் திருப்ப நினைப்பவர் முதலில் கேட்கப்போவது, இது எந்தச் சரிவிலிருந்து எடுத்தது, கலப்பில்லாததுதானா என்று. வெளுத்துப்போன குச்சி அதற்குப் பதில் சொல்லாது.

ஆர்க்கிட்காரர்களுக்கு லேபிளின் மேல் நம்பிக்கை குறைவு என்பதற்கு அவர்கள் செய்த ஏற்பாடுகளே அடையாளம். செயின்ட் ஆல்பன்ஸ் ஊரின் வியாபாரி ஃபிரெடரிக் சாண்டர், ஒரே சேர்க்கைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்து விற்ற குழப்பத்தை நிறுத்த 1906-ல் ஒரு பட்டியல் போட்டார். அதைத்தான் 1961-லிருந்து ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டி தொடர்கிறது. பரிசு வாங்கிய செடி எது என்று பின்னால் தகராறு வரக்கூடாதென்று, அதே சொசைட்டி 1897-லிருந்து ஒவ்வொரு பூவையும் வண்ணத்தில் வரைய வைத்தது. நெல்லி ராபர்ட்ஸ் என்ற பெண்மணி 1953 வரை அதை வரைந்துகொண்டே இருந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் பூவும் தூரிகையும். லேபிளின் வரலாற்றில் அவர் பெயரைச் சேர்க்காமல் விட எனக்கு மனமில்லை.

தாவரவியல் தோட்டங்களின் வழி இன்னும் எளிமையானது. செடிமேல் தொங்குவது முதலில் ஒரு எண். வந்த வருடம், அந்த வருடத்து வரிசை. பெயர், இடம், யார் கொடுத்தார், எல்லாம் பதிவேட்டில். பார்வையாளர் படிக்கும் பலகை வேறு. கறுப்பைச் சுரண்டினால் வெள்ளை தெரியும் அடுக்குப் பிளாஸ்டிக், மான்செஸ்டரின் டிராஃபோர்ட் பார்க்கில் 1927-ல் வந்த டிராஃபோலைட்டின் வம்சம். அறிஞர்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பலகையும் மாறும், எண் மாறாது. இதைப் படித்த பிறகுதான், இத்தனை நாளும் நீளமான லத்தீன் பெயரை எந்த மையில் எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டது வீண் என்று பட்டது. தொட்டியில் நிற்க வேண்டியது நாலைந்து இலக்கம்தான்.

இப்போது நான் மெல்லிய அலுமினியத் தகட்டைக் கத்தரித்து, பழைய நாளிதழ்க் கட்டின் மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் எண்ணை அழுத்தி எழுதுகிறேன். பள்ளம் விழுந்த எழுத்தை வெயில் ஒன்றும் செய்வதில்லை. உப்பு படிந்தால் விரலால் தேய்த்துப் படிக்கலாம். தூண்டில் நரம்பில் கோத்துத் தொட்டி விளிம்பில் தொங்கவிடுகிறேன். அடியில் கரிக்குள் பென்சிலால் எழுதிய பிளாஸ்டிக் ஒன்று. நீள நோட்டில் எண்ணுக்கு எதிரே பெயர், வந்த வழி, பூத்த தேதி. பெயர் தெரியாதவற்றுக்குத் தெரியாது என்றே எழுதியிருக்கிறேன். நர்சரிக்காரர்கள் சிலர் பூவைப் பார்த்துத் தோதான ஒரு பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார்கள், கேட்கவில்லை. கன்று கேட்டு வருகிறவர்களுக்குத் தகட்டோடு நோட்டுப் பக்கத்தின் நகலையும் சேர்த்துக் கொடுக்கிறேன். சிலர் கன்றைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு, காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.